பூட்டிய பட்டியலும் அயலார் தந்த திறவுகோலும்

2002 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நோர்வே நாட்டு வானொலியிலே விசித்திரமான வேண்டுகோள் ஒன்று ஒலித்தது. காணாமற்போன பிள்ளையைத் தேடுவோர் வானொலியை நாடுவதுண்டு. கடலுக்குப் போன படகைத் தேடுவோரும் நாடுவதுண்டு. இவ்வேண்டுகோளை விடுத்தவரோ ஒரு மொழி நிலையத்தின் தலைவர். ஒட்டார் கிரெப்ஸ்டாட் என்னும் அவருக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு சொல். அச்சொல்லை அறிந்திருந்த ஒரே மனிதர் இறந்துவிட்டார். கணினிப் பூட்டுக்களைத் திறக்க வல்லவர் எவரேனும் இருப்பின் உதவிக்கு வருமாறு, முகமறியாத கேட்போர் அனைவரையும் அவர் அழைத்தார்.

அந்தச் சொல்லின் பின்னே பூட்டப்பட்டுக் கிடந்தது பொன்னுமன்று, போர் இரகசியமுமன்று, ஒரு நூற்பட்டியல். அப்பட்டியலுக்காக ஒரு நிலையம் வானொலி வரை செல்ல நேர்ந்த காரணத்தை அறிவதற்கு நோர்வேயின் மொழி வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். நோர்வே பல நூற்றாண்டுகள் டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1814 இல் அத்தொடர்பு அறுந்தபோது, நாட்டிலே எழுத்துமொழியாக வழங்கியது டேனிய மொழியே. மக்கள் பள்ளத்தாக்குகளிலும் கடலோரங்களிலும் பேசிய பேச்சு வேறு, படித்தவர் எழுதிய எழுத்து வேறு. ஈவார் ஆசன் என்னும் உழவர் மகன் 1842 இலிருந்து ஊரூராய் நடந்து கிராமத்தாரின் சொற்களையும் சொல்முறைகளையும் குறித்து வந்தார். அவற்றிலிருந்து 1848 இல் ஓர் இலக்கணத்தையும் 1850 இல் ஓர் அகராதியையும் வெளியிட்டார். அவர் இட்ட அடித்தளத்தின்மீது எழுந்ததே இன்று நோர்வேயின் இரு எழுத்துமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நீநொர்ஸ்க். 1885 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அதற்குச் சமநிலை அளித்தது. ஆசன் பிறந்த பண்ணையிலேயே, ஊர்ஸ்டா என்னும் பகுதியில், அவர் பெயரால் ஒரு மொழி பண்பாட்டு நிலையம் 2000 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

ஆசனின் கடிதங்களையும் நாட்குறிப்புக்களையும் பதிப்பித்த பேரறிஞர் ரெய்டார் யூப்பெடால் என்பவர். அவர் வாழ்நாளெல்லாம் நூல்களைச் சேர்த்தவர். அவர் சேர்த்தவை ஏறத்தாழ 11,000. அந்நூல்களுக்கு அக்காலத்துக் கணினி ஒன்றிலே தரவுத்தளம் அமைத்துப் பட்டியலும் இடப்பட்டது. அந்நூற்றொகுதி பின்னர் ஆசன் நிலையத்தை வந்தடைந்தது; பட்டியற் கோப்பும் உடன் வந்தது. ஆயின் கோப்பைத் திறக்க முற்பட்டபோது கணினி கடவுச்சொல்லைக் கேட்டது. அதை அறிந்திருந்தவர் எவரிடமும் சொல்லாமலே இறந்திருந்தார்.

நூல்கள் கையில் இருக்கப் பட்டியல் போனால் என்ன என்று கேட்கத் தோன்றலாம். பட்டியலில்லாத பதினோராயிரம் நூல்கள் நூலகமாகா, குவியலே ஆகும் என்பதை நூலகத்திற் பணிபுரிந்தோர் அறிவர். ஒவ்வொரு நூலையும் மீண்டும் கையிலெடுத்து, ஆசிரியர், ஆண்டு, பதிப்பு, பொருள் என அனைத்தையும் புதிதாகப் பதிவதாயின் அது ஆண்டுக்கணக்கான உழைப்பு. அதற்கும் மேலாக, ஒரு நூலை எவ்விடத்தில் வைத்து நோக்க வேண்டும் என்பதில் பட்டியலிட்டவரின் நுண்ணறிவு படிந்திருக்கும். பட்டியலை வேறொருவர் மீண்டும் செய்யலாம். அந்த அறிவை மீண்டும் செய்தல் அரிது.

நிற்க. வானொலி வேண்டுகோளுக்கு விடை வரத் தாமதமாகவில்லை. பற்பலர் முன்வந்தனர். விடை கண்டவர் நோர்வேயர் அல்லர்; அண்டை நாடாகிய சுவீடனைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே அவர் அதனைக் கண்டார் என அந்நாளைய செய்திகள் கூறின. 1905 வரை சுவீடனின் மன்னருக்குக் கீழிருந்து பிரிந்த நாடு நோர்வே. அதன் தேசிய மொழிச் செல்வத்துக்குச் சுவீடியர் ஒருவர் திறவுகோல் தந்தார் என்பதை எண்ணி இரு நாட்டாரும் நகைத்திருப்பர். கண்டறியப்பட்ட கடவுச்சொல் யாதெனில், யூப்பெடால் என்ற குடும்பப்பெயரை உரோமன் எழுத்தில் எழுதிக் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்து வரை திருப்பி வாசித்தால் வருவது. அவ்வளவே! விகடகவி என்பவர் ஒருவர் இந்த உபாயத்தைக் கையாண்டிருந்தால் திருப்புவதற்கே இடமிராது.

இத்துணை எளிய சொல்லை நிலையத்தார் ஊகிக்க முடியாது போனது ஏன்? அவர்கள் மொழியறிஞர், பூட்டுத் திறப்போர் அல்லர். யூப்பெடால் என்ற பெயர் உரோமன் எழுத்தில் எட்டு எழுத்துக்களைக் கொண்டது. இருபத்தாறு எழுத்துக்களிலிருந்து எட்டெழுத்துக் கோவைகளை அமைப்பின் அவற்றின் தொகை 20,880 கோடிக்கு மேற்படும். ஒருவர் உணவும் உறக்கமுமின்றி, வினாடிக்கு ஒன்றாக அவற்றைத் தட்டெழுதிப் பார்ப்பாராயின் 6,600 ஆண்டுகள் செல்லும். வினாடிக்குப் பத்து இலட்சம் கோவைகளைச் சோதிக்க வல்ல ஒரு கணினிக்கோ இது மூன்று நாளும் பிடியாத வேலை. இத்துறையில் பழகியவர் அதற்கும் காத்திரார். மனிதர் தம் பெயரையும், மனைவி மக்கள் பெயரையும், பிறந்த நாளையும், அவற்றைத் திருப்பி எழுதியவற்றையுமே பெரும்பாலும் கடவுச்சொல்லாக வைப்பர் என்பதை அவர் அறிவார்; அவற்றையே முதலிற் சோதிப்பார்.

வேறொரு வழியும் உண்டு. பழைய மென்பொருள்கள் பலவற்றிற் கடவுச்சொல் என்பது வாயிற்காவலன் போன்றதே. காவலன் வாயிலில் நிற்பான். உள்ளே இருக்கும் பண்டங்களோ பெட்டிகளில் அடைக்கப்படாமலே கிடக்கும். வீட்டின் பின்புறத்தை அறிந்தவன் அவ்வழியே சென்று பார்த்துவிடலாம். அதாவது, கோப்பை உரிய மென்பொருளாலே திறவாது, அதன் உள்ளமைப்பை எண் எண்ணாக ஆராயும் கருவியாலே திறந்தால், எழுதப்பட்டவை வெளிப்பட்டுவிடும். சில வேளை கடவுச்சொல்லே ஒரு மூலையில் இலேசாக உருமாறிக் கிடக்கும். பூட்டிய பேழையைத் தூக்கிக்கொண்டு எவரும் பயணஞ் செய்ய வேண்டியதுமில்லை. கோப்பின் படியொன்று இணையவழியே எந்த ஊருக்கும் செல்லும். நூறு பேர் நூறு இடத்திலிருந்து ஒரே பூட்டை ஒரே வேளையில் முயன்று பார்க்கலாம். கணினிக் கோப்பைப் பொறுத்த மட்டிலே பலரை ஒருங்கே உதவிக்கு அழைப்பது இதனாலேயே பயன் தருகிறது.

இன்றைய பூட்டுக்கள் அவ்வாறானவை அல்ல. முறையான மறைகுறியாக்கம் செய்யப்பட்ட கோப்பிலே, பண்டமே உருத்தெரியாது பொடியாக்கப்பட்டு விடுகிறது. திறவுகோல் இருந்தாலன்றி அப்பொடி மீண்டும் பண்டமாகாது. வெறுமனே முயன்று பார்ப்பதற்கு உலகத்துக் கணினிகள் யாவும் ஒன்றுசேர்ந்தாலும் போதா. அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரில் வாழ்ந்த நிரலாளர் ஒருவரின் நிலை 2021 சனவரியிற் செய்தித்தாள்களில் வெளிவந்தது. 7,002 பிற்கொயின் நாணயங்களுக்குரிய திறவுகோலை அவர் ஒரு சிறு சேமிப்புக் கருவியில் வைத்திருந்தார். அதன் கடவுச்சொல்லை எழுதிய தாள் தொலைந்துபோயிற்று. பத்து முறை பிழையாக முயன்றால் கருவி தன்னுள்ளிருப்பதை நிரந்தரமாகப் பூட்டிவிடும். எட்டு முறை அவர் முயன்று முடித்திருந்தார். செய்தி பரவியதும் உதவ வந்த அயலாருக்குக் குறைவில்லை. ஆயின் நூறு பேர் நூறு இடத்திலிருந்து முயன்று பார்க்க அங்கே இடமில்லை. எஞ்சியிருந்தவை இரண்டே வாய்ப்புக்கள்.

கோப்பு இழக்கப்படுவது கடவுச்சொல் மறதியால் மட்டுமன்று. தவறுதலாக அழித்துவிடுவதே பெரும்பாலும் நிகழ்வது. பரீட்சைக்குரிய ஆய்வேட்டை முதல்நாள் இரவு அழித்துவிட்டு, விடியுமட்டும் இணையத்திலே முன்பின் அறியாதவரிடம் வழி கேட்டிருக்கும் மாணவர் எந்நாட்டிலும் உளர். இவர்களுக்கு உதவுவோர் முதலிற் சொல்வது ஒன்றே: கணினியில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர். இதன் பொருளை உணர மீண்டும் நூலகத்துக்கே செல்லலாம். வன்தட்டு ஒரு நூலகம் எனின், அதன் கோப்பட்டவணை நூற்பட்டியல். ஒரு கோப்பை அழிக்குமாறு கட்டளையிட்டதும் கணினி அலுமாரியிலிருந்து நூலை எடுத்து எரிப்பதில்லை. பட்டியலில் உள்ள சீட்டை நீக்கி, அவ்விடம் வேறு நூலுக்கு உரியது என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. புதிய நூல் வந்து அவ்விடத்தில் அமரும்வரை பழைய நூல் அங்கேயே இருக்கும். ஆகவேதான் மீட்கும் மென்பொருளையுங்கூட அதே வன்தட்டிற் பதியலாகாது என்பர்; மீட்க வந்தவனே இருந்ததை மிதித்து அழித்துவிடக் கூடும்.

இது காந்தத் தட்டுக்களுக்குப் பொருந்தும். புதிய கணினிகளிலுள்ள அசையும் உறுப்பற்ற சேமிப்பகங்களோ வேறு இயல்பின. அழிக்கப்பட்ட கோப்பின் இடத்தைச் சேமிப்பகத்துக்கு அறிவித்து, ஓய்வு வேளையிலே அவ்விடத்தை உண்மையாகவே வெறுமையாக்கும் ஏற்பாடு அவற்றில் உண்டு. வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. மறதியுடையோருக்கு அது பகையாயிற்று.

அயலாரிடம் உதவி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. என் கோப்பைக் காணவில்லை, காப்பாற்றுங்கள் என்று மட்டும் கதறுவோருக்கு, நோயைச் சொல்லாது மருந்து கேட்பவருக்கு நேர்வதே நேரும். கணினி எத்தகையது, கோப்பு எந்த மென்பொருளில் ஆக்கப்பட்டது, வன்தட்டிலா வெளிச் சேமிப்பிலா இருந்தது, இறுதியாக அது கண்ணிற் பட்டது எப்போது, அதன்பின் செய்தவை எவை என்னும் விபரங்களைத் தந்தால், கடல்கடந்த ஊரில் இருப்பவரும் சில வினாக்களால் நிலைமையை விளங்கிக்கொள்வார். மூடும்போது கோப்பைச் சேமிக்க மறந்தவர் பலருக்கு, மென்பொருள் தானாகவே வைத்திருக்கும் தற்காலிகப் படி எந்த மூலையில் உள்ளது என்ற ஒரு வரி விடையே போதுமானதாயிருக்கும். மறுபுறத்திலே, முன்பணம் கேட்போரும், கடவுச்சொற்களைத் தம்மிடம் ஒப்படைக்கச் சொல்வோரும் இந்தத் துயரத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு வருவர். ஆசன் நிலையம் வெளியார் முன் வைத்தது நூற்பட்டியல் என்பதால் அதற்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை. நோயாளர் பட்டியலை வைத்திருக்கும் ஓர் ஆசுபத்திரி அவ்வாறு செய்ய இயலாது.

உரியவர் உயிரோடிருந்தும் கோப்பு எட்டாது போவதுண்டு. பிரின்ஸ் ஒஃப் பேர்சியா என்னும் கணினி விளையாட்டை 1989 இல் வெளியிட்டவர் ஜோர்டன் மெக்னர் என்னும் அமெரிக்கர். அவ்விளையாட்டின் மூலநிரலை, அதாவது அவர் தம் கையால் எழுதிய கட்டளைகளை, நெடுங்காலமாக அவரே காணாதிருந்தார். 2012 இல் அவருடைய தந்தையார் வீட்டு அலுமாரியொன்றின் உள்ளிருந்து ஒரு பெட்டி வெளிவந்தது. அதனுள் மூன்றரை அங்குல நெகிழ்வட்டுக்கள். மேலே அவருடைய கையெழுத்திலேயே விளையாட்டின் பெயரும் இருந்தது. ஆயினும் அவற்றைப் படிக்கும் கணினி அவரிடம் இல்லை. ஏட்டுச் சுவடி ஒன்று செல்லரித்தாலும் எஞ்சிய எழுத்தைக் கண்ணாலே வாசிக்கலாம். நெகிழ்வட்டு எவ்வளவு பழுதின்றி இருந்தாலும் கண்ணுக்கு அது கரிய தகடு மட்டுமே. காந்தப் பூச்சும் ஆண்டுதோறும் வலுவிழந்துகொண்டே வரும். பிழையாகப் பழுதுபட்ட பொறியில் ஒருமுறை இட்டால் எஞ்சியிருப்பதும் உரசிப்போகலாம்.

மெக்னர் செய்தியை வெளியிட்டார். இணைய ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்த ஜேசன் ஸ்கொட் என்பவரும், பழைய அப்பிள் கணினிகளைச் சேகரித்துப் பேணும் தோனி டயஸ் என்பவரும் உதவிக்கு வந்தனர். அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திலே, பழைய கணினிகளும் வட்டுப் படிக்கும் கருவிகளுமாக அவர்கள் மெக்னரின் இல்லத்தை அடைந்தனர். வட்டுக்கள் ஒவ்வொன்றாகச் சுழன்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் தொடாத அந்தக் காந்தப் பூச்சு தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பெரும்பாலும் இழக்காதிருந்தது. வரி வரியாகத் திரையில் எழுந்த கட்டளைகளை எழுதியவரே மறந்திருந்தார்.  மீட்கப்பட்ட மூலநிரலை அவர் பூட்டி வைக்கவில்லை. விரும்பியவர் எவரும் எடுத்துப் படிக்கும்படி அதனை இணையத்திலே திறந்து வைத்தார்.