பட்டனுக்கும் பெயர் வேண்டும்

புனே கேம்ப்பிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், நேற்றிரவு தவறிப்போன தொடரை இன்று பார்க்க ஓடிடி செயலிதான் கைகொடுக்கிறது. வீட்டில் பார்வையற்றவர் ஒருவர் இருந்தால், அவருக்கு மட்டும் அந்தக் கதவு பெரும்பாலும் பாதிதான் திறக்கிறது.

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று, விரல் படும் இடத்தில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வசதி போனோடேயே வருகிறது. அது வாசிக்க வேண்டுமானால், செயலியை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ளே ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் பிளே, நிறுத்தம், அடுத்த எபிசோடு எல்லாமே "பட்டன், பட்டன்" என்றுதான் காதில் விழும். நிகழ்ச்சி ஓடத் தொடங்கியதும் கட்டுப்பாடுகள் சில நொடிகளில் மறைந்துவிடுகின்றன. விரலால் தேடி முடிப்பதற்குள் எதுவும் இருக்காது. எபிசோடு பட்டியல் வெறும் படங்களாக இருந்தால் நேற்றையது எது, போன வாரத்தது எது? இவற்றைச் சரிசெய்வது பெரும் பொருட்செலவு கேட்கும் வேலை அல்ல. செய்யாமல் விடுவது அலட்சியம்தான்.

நிகழ்ச்சியைக் கண்டுபிடித்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. கதாநாயகி ஒரு கடிதத்தைக் கிழிக்கிறாள்; பின்னணி இசை மட்டும் ஒலிக்கிறது. பார்வையற்றவருக்குக் கதை அங்கே அறுந்துவிடுகிறது. வசனங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஒரு குரல் காட்சியைச் சொல்லும் ஒலி விவரிப்பு இதற்காகவே இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் அதை 2015 ஏப்ரலில் 'டேர்டெவில்' தொடருடன் தொடங்கியது. நாயகனே பார்வையற்ற வழக்கறிஞர். அவரது கதையைத் தங்களால் பின்தொடர முடியவில்லையே என்று பார்வையற்றோர் குரல் எழுப்பிய பிறகுதான் அது நடந்தது. பிரிட்டனின் 2024 ஊடகச் சட்டம், பெரிய ஓடிடி சேவைகள் 10 சதவீத நிகழ்ச்சிகளுக்கு ஒலி விவரிப்பு தர வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. தமிழ்த் தொடர்களில் அது இன்னும் அரிது.

பணத்துக்கும் ஆபத்து உண்டு. கட்டணப் பக்கத்தை ஸ்கிரீன் ரீடர் வாசிக்காதபோது, கார்டு எண்ணையும் ஓடிபியையும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியதாகிறது. இணையத்தில் தேடிக் கிடைத்த போலி 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன செயலியை நிறுவினால் போனே அந்நியர் கைக்குப் போய்விடும். உதவி எண்ணை நிறுவனத்தின் செயலியிலிருந்து மட்டும் எடுங்கள். ஏமாந்தால் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே சொல்லுங்கள். ஓடிபியை நாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு நம்முடையது.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் அவர்களுக்கு ஒலி விவரிப்பு கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் 2019-இல் தொலைக்காட்சிக்கு மத்திய அரசு வெளியிட்ட தரநிலை, செவித்திறன் குறைந்தவர்களுக்கு மட்டுமே. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி நிறுவனங்களிடம் இயன்ற அளவு முயற்சி செய்யுங்கள் என்று கேட்டதோடு நின்றன. நீதிமன்றங்கள்தான் விஷயத்தை நகர்த்தின. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், 'பதான்' படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு ஒலி விவரிப்பும் சப்டைட்டிலும் தயாரிக்க உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தவர்களில் பார்வையற்ற சட்ட மாணவரும் ஒருவர். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஓடிடிக்கான வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது.

ஓடிடி செயலி பற்றிய புகாரை எப்போதும் எழுத்தில் கொடுங்கள். எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, எந்த போன், எந்தத் திரையில் எந்தப் பட்டன் வாசிக்கப்படவில்லை என்று குறிப்பிடுங்கள். திரைப் பதிவை ஸ்கிரீன் ரீடர் குரலோடு இணைத்தால் மறுக்க முடியாது. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 24 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்நிறுவனம் உறுப்பினராக உள்ள சுயஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் செலுத்தியும் சேவை பயன்படவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கு போடுவதானால் நீங்கள் வசிக்கும் ஊரான புனேயின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

ஓடிடி விவகாரம் மத்திய அரசைச் சார்ந்தது என்பதால், டெல்லியிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள். அதன் நகலை மகாராஷ்டிர மாநில ஆணையருக்கும் கொடுங்கள். அந்த அலுவலகம் மும்பையில் இல்லை. புனேயில், கேம்ப்பின் அதே 411001 அஞ்சல் எண்ணில், சர்ச் ரோட்டில்தான் இருக்கிறது. நேரில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.