தொலைக்காட்சித் தொகுப்பாளரும் பொதுமொழியும்: மைக் பொன்ஜோர்னோவின் வாழ்வும் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

இத்தாலியத் தொலைக்காட்சி தொடங்கிய நாள் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திரையில் நிலைத்து நின்ற தொகுப்பாளர் மைக் பொன்ஜோர்னோ (1924–2009). வினாவிடைப் போட்டிகளாலும் பல்சுவை நிகழ்ச்சிகளாலும் புகழ்பெற்ற இவரை, 1961ஆம் ஆண்டு உம்பர்த்தோ எக்கோ எழுதிய கட்டுரை சராசரித்தன்மையின் முழுமையான வடிவமாகக் காட்டியது. அம்மதிப்பீட்டைப் பொன்ஜோர்னோவின் வாழ்க்கை, இத்தாலியின் மொழிச்சூழல், ஒளிபரப்பு அமைப்பின் மாற்றம் ஆகிய மூன்றோடும் பொருத்திப் பார்த்து, அதன் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சித் தொகுப்பாளர், வினாவிடைப் போட்டி, பொதுமொழி, உம்பர்த்தோ எக்கோ, இத்தாலி.

முன்னுரை

திரைப்பட நடிகர்களைப் பற்றியும் இயக்குநர்களைப் பற்றியும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. நாள்தோறும் வீட்டுக்குள் வந்து பேசும் தொலைக்காட்சித் தொகுப்பாளரோ ஆய்வாளரின் கண்ணில் எளிதில் படுவதில்லை. அவர் பேசுவது இலக்கியமன்று. அவர் செய்வது நடிப்புமன்று. ஆயினும் ஒரு சமூகம் எதனை அறிவு என்று கருதுகிறது, எத்தகைய பேச்சைத் தன் பேச்சாக ஏற்கிறது என்பன அவர்வழியே வெளிப்படுகின்றன. இதற்குப் பொன்ஜோர்னோ தக்க சான்றாவார்.

இளமையும் போர்க்காலமும்

பொன்ஜோர்னோ 1924 மே 26 அன்று நியூயார்க்கில் இத்தாலிய வழிக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயுடன் தூரின் நகருக்கு வந்து அங்கே வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது நாஜி எதிர்ப்புப் போராளிகளுக்குத் தூதுவராகச் செயல்பட்டார். 1944இல் கைதாகி, மிலான் நகரின் சான் வித்தோரே சிறையில் பல மாதங்கள் அடைக்கப்பட்டார். புகழ்பெற்ற இதழாளர் இந்த்ரோ மொந்தனெல்லியும் அப்போது அச்சிறையில் இருந்தார். பின்னர் பொல்சானோ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பொன்ஜோர்னோ, கைதிகள் பரிமாற்றத்தின் மூலம் விடுதலை பெற்று அமெரிக்கா திரும்பினார். அங்கு இத்தாலிய மொழி வானொலி நிகழ்ச்சிகளில் பணியாற்றியபின், 1950களின் தொடக்கத்தில் மீண்டும் இத்தாலிக்கு வந்தார்.

இப்பின்னணி இரு வகையில் கருதத்தக்கது. முதலாவதாக, அவர் இரு மொழிகளுக்கும் இரு பண்பாடுகளுக்கும் இடையில் வாழ்ந்தவர். இரண்டாவதாக, அமெரிக்க ஒலிபரப்பின் நடைமுறைகளை நேரில் கண்டு பழகியவர். திரையில் தோன்றிய எளிய மனிதரின் பின்னே இவ்வளவு அனுபவமும் இருந்தது.

‘விட்டுவிடுவதா, இரட்டிப்பாக்குவதா?’

இத்தாலியின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ராய், 1954 சனவரி 3 அன்று முறையான தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. அன்றே பயணிகளை நேர்காணும் ‘வருகையும் புறப்பாடும்’ என்னும் நிகழ்ச்சியில் பொன்ஜோர்னோ தோன்றினார். எனினும் அவரை நாடறியச் செய்தது 1955 நவம்பரில் தொடங்கி 1959 வரை நடந்த ‘லாஷா ஒ ராத்தோப்பியா?’ ஆகும். ‘விட்டுவிடுவதா, இரட்டிப்பாக்குவதா?’ என்பது அதன் பொருள்.

போட்டியின் அமைப்பு எளிமையானது. போட்டியாளர் தாம் வல்ல ஒரு துறையைத் தேர்ந்தெடுப்பார். 2,500 லிராவில் தொடங்கும் பரிசுத் தொகை ஒவ்வொரு சரியான விடைக்கும் இரு மடங்காகும். பதினொரு முறை இரட்டித்தால் 51,20,000 லிரா என்னும் உச்சத்தொகை கிட்டும். அதே 1955ஆம் ஆண்டு அறிமுகமான ஃபியட் 600 மகிழுந்தின் விலை 5,90,000 லிரா என்பதைக் கொண்டு நோக்கினால், அப்பரிசு எட்டு மகிழுந்துகளின் விலையையும் விஞ்சியது என்பது புலப்படும்.

தொலைக்காட்சிப் பெட்டி அன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை. மக்கள் காப்பிக்கடைகளிலும் அண்டை வீடுகளிலும் கூடிப் பார்த்தனர். சனிக்கிழமை இரவில் கூட்டம் குறைந்ததாகத் திரையரங்க உரிமையாளர்கள் முறையிட்டதால் நிகழ்ச்சி வியாழக்கிழமைக்கு மாற்றப்பட்டது. வெர்டியின் இசைநாடகங்களில் ஒரு காற்றிசைக் கருவி பயன்பட்டது குறித்த கேள்விக்குத் தரப்பட்ட விடை தவறெனத் தள்ளப்பட்டபோது, நாடெங்கும் அது விவாதப் பொருளாயிற்று. 1959இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் காளான்கள் பற்றிய வினாக்களுக்கு விடையளித்து ஐம்பது இலட்சம் லிராவுக்கு மேல் வென்றார். புதுமை இசையில் பெயர்பெற்ற ஒருவர் காளான் அறிஞராக மேடையேறியதும், சிற்றூர்க் கடைக்காரர் பண்டை இலக்கியம் பற்றி விடையளித்ததும் ஒரே மேடையில் இயன்றன.

எக்கோவின் மதிப்பீடு

1950களின் நடுவில் ராய் நிறுவனத்திலேயே பணியாற்றியவர் எக்கோ. அவர் 1961இல் எழுதிய ‘மைக் பொன்ஜோர்னோவின் நிகழ்வியல்’ என்னும் கட்டுரை 1963இல் வெளியான அவரது நூலொன்றில் இடம்பெற்றது. அங்கதம் கலந்த அக்கட்டுரையின் கருத்தைப் பின்வருமாறு சுருக்கலாம்.

திரைப்படம் எட்டமுடியாத நாயகனை முன்னிறுத்துகிறது. தொலைக்காட்சியோ யாரும் எட்டக்கூடிய சராசரி மனிதனை முன்மாதிரியாக்குகிறது. பொன்ஜோர்னோ தம் அறியாமைக்கு நாணுவதில்லை. கற்றுக்கொள்ளும் விருப்பத்தையும் காட்டுவதில்லை. மிகுதியாக மனப்பாடம் செய்தவரை வியக்கும் அவருக்கு, திறனாய்வு நோக்குடைய அறிவு புலப்படுவதில்லை. அவரது மொழி அடிப்படைச் சொற்களாலானது. துணைவாக்கியங்களையும் ஐயப்பொருள் தரும் வினைவடிவங்களையும் தவிர்ப்பது. அவரைக் காணும் எவரும் தம்மைத் தாழ்வாக உணரத் தேவையில்லை. இவ்வாறு, இருக்கும் நிலையிலேயே நிறைவடையும்படி பார்வையாளர் பழக்கப்படுகின்றனர் என்பது எக்கோவின் வாதம்.

ஒரு தொகுப்பாளரின் தொடரமைப்பையும் நடத்தையையும் இலக்கியப் பனுவல்போல் நுணுகி ஆராய்ந்தது இக்கட்டுரையின் பெரும்பங்களிப்பு எனலாம்.

எளிய மொழியின் மறுபக்கம்

எக்கோ குறையாகக் கண்ட எளிய தொடரமைப்பை மொழி வரலாற்றின் துணையுடன் வேறு வகையிலும் விளக்க இயலும். 1861இல் இத்தாலி ஒன்றுபட்டபோது இத்தாலிய மொழியைப் பேசியோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினரே என மொழியியலறிஞர் துல்லியோ தெ மௌரோ கணித்தார். பிறர் தத்தம் வட்டார மொழிகளையே பேசினர். 1951 கணக்கெடுப்பிலும் எழுத்தறியாதோர் ஏறத்தாழ 13 விழுக்காட்டினராக இருந்தனர். இத்தகைய நாட்டில் பொதுமொழியைப் பேச்சு வடிவில் பரப்பியதில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பெரும்பங்கு உண்டு என்பதைத் தெ மௌரோ 1963இல் வெளியான தம் நூலில் நிறுவினார்.

அல்பெர்த்தோ மன்சி என்னும் ஆசிரியர் 1960 முதல் தொலைக்காட்சி வழியாக முதியோருக்கு எழுத்தறிவித்தார். பொன்ஜோர்னோவின் நோக்கம் கல்வியன்று. எனினும் அவரது குறுந்தொடர்கள் எழுத்தறியாதவருக்கும் விளங்கின. பொதுமொழி என்பது கற்றோர்க்கு மட்டும் உரியதன்று என்னும் துணிவை அவை தந்திருக்கக்கூடும். ஆகவே, எக்கோ சுட்டிய அதே மொழிக்கூறு ஒரு நோக்கில் வறுமையாகவும் மற்றொரு நோக்கில் வாயிலாகவும் அமைகிறது.

நிறுவன மாற்றமும் தொகுப்பாளரும்

1970 முதல் 1974 வரை நடந்த ‘ரிஸ்கியாதுத்தோ’ அமெரிக்க நிகழ்ச்சியொன்றைத் தழுவியது. அதில் அறிவோடு விரைவும் மதிப்பெண் பெற்றது. 1976இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் ஒளிபரப்புக்கு வழிவிட்டது. அதன்பின் சில்வியோ பெர்லுஸ்கோனியின் தொலைக்காட்சி நிறுவனத்திற்கு மாறிய முதல் பெருந்தொகுப்பாளர்களுள் பொன்ஜோர்னோவும் ஒருவர். அங்கே நிகழ்ச்சியின் நடுவே விளம்பரப் பொருள்களைத் தாமே புகழ்ந்துரைப்பது அவரது பணியின் பகுதியாயிற்று. 1989 முதல் 2003 வரை அவர் நடத்திய ‘அதிர்ஷ்டச் சக்கரம்’ நிகழ்ச்சியில், ஒரு துறையில் ஆழ்ந்த புலமைக்குப் பதிலாக எழுத்துகளை ஊகித்தலும் சக்கரத்தின் சுழற்சியும் வெற்றியைத் தீர்மானித்தன.

இங்கு ஒன்று தெளிவாகிறது. தொகுப்பாளரின் பேச்சும் தோரணையும் பெரிதும் மாறவில்லை; அவரைச் சூழ்ந்த அமைப்பே மாறியது. அரசு ஒளிபரப்பில் அவரது எளிமை புலமையுடைய எளியோருக்கு இடமளித்தது. வணிக ஒளிபரப்பில் அதே எளிமை பார்வையாளரை நுகர்வோராக்கப் பயன்பட்டது. எக்கோவின் எச்சரிக்கை எழுதப்பட்ட காலத்தைவிடப் பிற்காலத்திற்கே மிகுதியும் பொருந்துகிறது.

முடிவுரை

சான்ரேமோ பாடல் விழாவைப் பதினொரு முறை தொகுத்தளித்த பொன்ஜோர்னோ, 2007இல் மிலான் பல்கலைக்கழகம் ஒன்றின் மதிப்புறு பட்டம் பெற்றார். 2009 செப்டம்பர் 8 அன்று மொனாக்கோவில் மறைந்தார். மிலான் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்தது.

சிறையையும் முகாமையும் கண்டவர், இருமொழி வல்லவர், திரையில் ஏதுமறியாதவர்போல் தோன்றினார். அத்தோற்றம் எந்த அளவு இயல்பு, எந்த அளவு தொழில்திறன் என்பதைத் திரையை மட்டும் நோக்கித் தீர்மானிக்க இயலாது. எக்கோவின் ஆய்வு தோற்றத்தைத் துல்லியமாக வாசித்தது. அதனை உருவாக்கிய உழைப்பையும் நிறுவனத்தையும் அது குறைவாகவே கணக்கில் கொண்டது. தொகுப்பாளர்களை ஆராய முற்படுவோர் பேசப்படும் மொழி, பேசுபவரின் வாழ்வு, பேச வைக்கும் நிறுவனம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்குதல் இன்றியமையாதது. இம்மூன்றுள் ஒன்றை விடுத்தாலும், எளிமையைப் பழிப்பதிலோ புகழ்வதிலோ ஆய்வு நின்றுவிடும்.