லாக்ஸ்டன்: வேலியில்லா வயல்களின் சிற்றூர்

இங்கிலாந்து என்றதும் நம் நினைவில் முதலில் எழுவன ஆலைகளும் துறைமுகங்களும் லண்டன் மாநகரமுமே. ஆயின் அந்நாட்டின் நடுப்பகுதியில், நாட்டிங்ஹாம்ஷயர் என்னும் பிரிவில், கடினமான களிமண் பூமியில் லாக்ஸ்டன் என்றொரு சிற்றூர் உண்டு. விவசாயிகள் அனைவரும் பொதுவிதிக்கு உட்பட்டுத் திறந்த வயல்களைப் பயிரிடும் பழைய முறை, அம்முறையைக் காக்கும் ஊர்மன்றத்துடன் சேர்ந்து இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது. பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டோர் அறியத்தக்க ஊர் அது.

ஊரின் வடபுறத்தில் நார்மானியர் காலத்துக் கோட்டையின் மண்மேடு இருக்கிறது; ஊர் நடுவே பழமையான தேவாலயம். இவற்றைவிடக் கவனிக்கத்தக்கது வீடுகளின் அமைப்பாகும். இங்கிலாந்தில் பிற இடங்களில் பண்ணைவீடுகள் வயல்களுக்கு நடுவே தனித்தனியே நிற்கக் காணலாம். லாக்ஸ்டனிலோ அவற்றுள் பல ஊர்த்தெருவிலேயே வரிசையாக நிற்கின்றன. ஒருவரது நிலம் ஓரிடத்தில் இல்லாமல் பல திசைகளிலும் கூறு கூறாகச் சிதறிக் கிடந்தபடியால், ஊருக்குள் குடியிருப்பதே அனைவருக்கும் வசதியாயிற்று.

அந்தச் சிதறலுக்கும் காரணம் உண்டு. நல்ல மண்ணும் களர்ப்பாங்கான மண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் பங்காக வரவேண்டும் என்பதே அக்காரணம். 1635-ஆம் ஆண்டில் மார்க் பியர்ஸ் என்னும் நில அளவையாளர் இவ்வூரை அளந்து வரைந்த படத்தில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலக்கூறுகள் காணப்படுகின்றன. அப்படம் இப்பொழுது ஆக்ஸ்போர்டு நகரத்தில் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் கூறுகள் ஒன்றுசேர்க்கப்பட்டுப் பெரியவையாயின.

மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என மூன்று பெருவயல்கள் உண்டு. ஒரு வயலில் ஓராண்டு குளிர்காலக் கோதுமை, மறு ஆண்டு வசந்தகாலப் பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு என்பது பழைய சுழற்சி. அறுவடைக்குப் பின்னும் தரிசுக் காலத்திலும் ஊரார் கால்நடைகள் பொதுவாக மேய்ந்தன. ஒருவர் மட்டும் தம் விருப்பப்படி வேறு பயிர் வைத்தால் பொதுமேய்ச்சல் எவ்வாறு நடைபெறும்? ஆகவே சுழற்சியை மீற எவருக்கும் உரிமை இருக்கவில்லை. இக்காலத்தில் மூன்றாம் ஆண்டில் தீவனப் பயிரும் இடுகின்றனர். ஆயினும் மூன்றாண்டுச் சுழற்சி மாறவில்லை.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பார்லிமெண்டு ஆயிரக்கணக்கான சட்டங்கள் இயற்றித் திறந்த வயல்களைத் தனித்தனிப் பண்ணைகளாக வேலியிட்டுப் பிரிக்க அனுமதித்தது. விளைச்சல் பெருகியது உண்மை. பொதுமேய்ச்சலை நம்பிப் பிழைத்த ஏழைகள் அதை இழந்ததும் உண்மை. லாக்ஸ்டனிலும் ஒரு பகுதி நிலம் வேலிக்குள் சென்றது. ஆனால் மூன்று பெருவயல்களும் எஞ்சின.

இவற்றைக் காக்கும் மன்றத்திற்கு 'கோர்ட் லீட்' என்று பெயர். ஆண்டுதோறும் நவம்பர் மாத இறுதியில் ஜூரிகள் கோதுமை விதைத்த வயலுக்குச் செல்கின்றனர். கூறுகளின் எல்லைகளைக் கண்டு முளைகள் அடிக்கின்றனர். பொதுப்பாதையையோ ஓரப் புல்தரையையோ எவர் ஏர் உழுது ஆக்கிரமித்திருக்கிறார் என்று பார்க்கின்றனர். பிறகு ஊர் மதுச்சாலையில் உணவருந்தி, குற்றங்களை எழுதி, அபராதங்களைக் குறிக்கின்றனர். அடுத்த வாரம் மன்றம் கூடுகையில் அவை உறுதிப்படுத்தப்படும். ஜூரிகளும் அதே வயல்களில் பயிரிடும் விவசாயிகளே. சோதனைக்கு அவர்தம் கூறுகளும் விலக்கல்ல. அபராதத்தொகை சிறியதுதான். அண்டைவீட்டார் முன்னிலையில் தம் பெயர் வாசிக்கப்படுவதே பெரிய தண்டனை என்று நமக்குத் தோன்றுகிறது.

1977-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இத்தகைய பழைய மன்றங்களின் நீதி அதிகாரத்தைப் பொதுவாக நீக்கியபோது, லாக்ஸ்டன் மன்றத்திற்கு விலக்களித்தது.

பொதுவயல்களில் ஏர் திரும்பும் ஓரங்களும் ஈரப்பள்ளங்களும் உழப்படாமல் புல்தரையாக விடப்பட்டன. 'சைக்' என்று அங்கே அழைக்கப்படும் இவற்றின் புல் ஆண்டுதோறும் ஏலத்தில் விடப்படுகிறது. ஏர் படாத இத்தரைகளில், வேறிடங்களில் அருகிப்போன காட்டுப்பூக்கள் இன்றும் மலர்கின்றன.

நிலத்தின் உரிமை மட்டும் பல கை மாறியது. மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து 1952-இல் விவசாய அமைச்சகம் வாங்கியது. 1981-இல் அரசுடைமை நிலங்களைக் கவனிக்கும் கிரௌன் எஸ்டேட் வசமாயிற்று. அது 2020-இல் மான்வர்ஸ் குடும்பத்தாரின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே மீண்டும் விற்றது. குத்தகைக்காரர் தொகை குறைந்து வருவதால், ஜூரிக்கு வேண்டிய பன்னிருவரை இனிவரும் ஆண்டுகளில் திரட்டுவது எளிதாக இராது. ஆயினும் நவம்பர் வந்தால் முளைகளைச் சுமந்துகொண்டு வயலுக்குப் போகத்தான் செய்கின்றனர்.