அஞ்சியவன் இடித்த பலிபீடம்

கிதியோன் பாகாலின் பலிபீடத்தை இரவில் இடித்தான் என்பதை (நியா. 6:27) அவனுடைய குறையாகவே நமது அருளுரைகள் பெரும்பாலும் எடுத்துரைக்கின்றன. கர்த்தருடைய கட்டளையைப் பெற்றவன் பட்டப்பகலில் அல்லவா அதைச் செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறோம். ஆனால் திருமறை ஆசிரியர் அவ்வாறு கேட்கவில்லை. கிதியோன் பயந்தான் என்கிறார். கர்த்தர் சொன்னபடியே செய்தான் என்றும் சொல்கிறார். இரண்டையும் ஒரே வசனத்தில் வைக்கிறார். அச்சம் முற்றிலும் அகன்ற பின்னரே கீழ்ப்படிய இயலும் என்று எண்ணிக் காத்திருக்கும் நாம் இவ்வசனத்தைச் சற்று நின்று வாசிக்க வேண்டும்.

முதலாவது, அவன் யாருக்கு அஞ்சினான் என்பதைக் கவனிப்போம். இஸ்ரவேலர் ஏழு ஆண்டுகள் மீதியானியரின் கையில் ஒடுக்கப்பட்டிருந்தனர். காற்று வீசும் திறந்த களத்தில் போரடிக்க வேண்டிய கோதுமையைக் கிதியோன் திராட்ச ஆலையில் மறைவாகப் போரடித்ததும் அவர்களுக்குப் பயந்தே. ஆயினும் 27ஆம் வசனம் குறிப்பிடும் அச்சம் மீதியானியரைப் பற்றியதன்று. தகப்பன் குடும்பத்தாரையும் ஊராரையும் பற்றியது. கர்த்தர் அவனை முதலில் போர்க்களத்துக்கு அனுப்பவில்லை; தகப்பனாகிய யோவாசின் பலிபீடத்துக்கே அனுப்பினார். அந்நியப் பகைவனை எதிர்ப்பவனை ஊர் போற்றும். சொந்த வீட்டின் பலிபீடத்தைத் தொடுபவனையோ, கிதியோனுக்கு நேர்ந்தது போல, மறுநாள் காலையிலேயே கொல்லத் தேடும்.

இரண்டாவது, இரவு அச்செயலின் நேரத்தை மாற்றியதேயன்றி அச்செயலைக் குறைக்கவில்லை. பலிபீடம் இடிந்தது. நமது பழைய மொழிபெயர்ப்பு 'தோப்பு' எனக் கூறுவது, எபிரெய மூலத்தில் 'அசேரா' என்னும் தேவதையின் மரச் சின்னமாகும். அதுவும் வெட்டப்பட்டு, புதிய பலிபீடத்தில் விறகாயிற்று. கிதியோன் தனியே செல்லவுமில்லை. வேலைக்காரரில் பத்துப்பேரை அழைத்துச் சென்றான். விடிந்ததும் செய்தவன் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அப்பொழுது அவனுக்காகப் பேசியவர், யாருடைய குடும்பத்துக்கு அவன் அஞ்சினானோ அந்த யோவாசே. இத்தகைய ஆதரவு எப்பொழுதும் கிடைக்கும் என்று நாம் வாக்களிக்க இயலாது. ஆனால் செயல் நிகழுமுன் அது கிதியோனுக்கும் தெரியாது என்பதை மறக்கலாகாது.

இங்கு ஒரு வினா எழும். ஆரோத் நீரூற்றண்டையில் அச்சமுள்ளோர் திரும்பிப் போகலாம் என்று அறிவிக்கப்பட, 22,000 பேர் திரும்பினர் (7:3). அப்படியானால் அஞ்சுவோர் தகுதியற்றவர் அல்லரோ? அதே அதிகாரத்தின் 10ஆம் வசனத்தைப் பார்ப்போம். கிதியோன் பாளயத்துக்கு இறங்கிப்போக அஞ்சினால் வேலைக்காரனாகிய பூராவை உடன் அழைத்துச் செல்லும்படி கர்த்தர் கூறுகிறார். அவன் பூராவோடேயே போகிறான்! 22,000 பேரைத் திருப்பிய படையின் தலைவனும் அச்சமற்றவனல்லன். ஆரோத்திலிருந்து அச்சத்தோடு வீடு திரும்பியவர்களும் உண்டு. அச்சத்தோடு பாளயத்துக்கு இறங்கியவனும் உண்டு. கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளாமல் ஒரு துணையை அளித்தார்.

மேலும், கிதியோன் இடறியது அஞ்சிய காலத்திலன்று. வெற்றி பெற்று, யாருக்கும் அஞ்சத் தேவையில்லாத நிலையை அடைந்தபின், 1700 சேக்கல் எடையுள்ள பொன்னால் ஏபோத்தைச் செய்து ஒப்ராவில் வைத்தான். அதுவே அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று (8:26, 27). ஆகவே அச்சமின்மையை ஆவிக்குரிய முதிர்ச்சியின் அடையாளமாகக் கொள்வதற்கில்லை.

தகப்பன் வீட்டுப் பலிபீடம் நமது திருச்சபையிலும் உண்டு. தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டுமென்று 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பலர் விலகிச் சென்றனர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கடந்த பின்னும், ஒரே அப்பத்தில் பங்குபெற்றோரைச் சாதிவாரியாக வெவ்வேறு கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யும் ஊர்கள் தமிழ்நாட்டில் உள்ளன. அங்கு பணியாற்றும் ஆயர்கள் இது தவறென்பதை அறியாதவர்கள் அல்லர். குருசேகரக் கமிட்டியின் பகை, காணிக்கை நிறுத்தம், இடமாற்றம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை எண்ணி அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொய்யானதன்று. அதை எள்ளி நகையாடும் உரிமை, பட்டணத்து வகுப்பறைகளில் பாதுகாப்பாக அமர்ந்திருக்கும் ஆசிரியர்களாகிய நமக்கு இல்லை.

அவர்களுக்குக் கிதியோனின் இரவு காட்டும் வழி இது. அச்சத்தை மறைக்க வேண்டுவதில்லை. ஜெபத்தில் அதைப் பெயர் சொல்லி அறிக்கையிடலாம். தனித்து நிற்க வேண்டுவதில்லை. சபையில் அந்தப் பத்துப்பேரைத் தேடலாம். ஏற்ற வேளையைத் தெரிந்துகொள்வதும் தவறன்று. ஆனால் வேளையைத் தெரிவது வேறு, காலம் கடத்துவது வேறு. கிதியோன் பகலுக்கு அஞ்சி இரவைத் தெரிந்துகொண்டான். அந்த இரவைத் தவறவிடவில்லை. அடுத்த அடக்க ஆராதனைக்கு அழைப்பு வரும்போது நமது கைகள் நடுங்கக்கூடும். நடுங்கும் கைகளாலும் இடிக்க முடியும் என்பதற்கு ஒப்ராவின் பலிபீடமே சாட்சி.