செட்-டாப் பாக்ஸ் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கும் முன்னே இதைக் கவனிங்க!

செட்-டாப் பாக்ஸ் எல்லாம் ஒண்ணுதான் என்று நினைத்து வாங்கிவிட்டு, டி.வி.யில் படம் வராமல் கடைக்கும் வீட்டுக்கும் அலைபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அது இரண்டு, மூன்று நாள் சம்பளம்.

முன்பெல்லாம் கேபிள் ஒயரை நேராக டி.வி.யில் சொருகினால் போதும். 2012-ல் பெருநகரங்களில் தொடங்கி, கேபிள் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு பாக்ஸ் இல்லாமல் படம் இல்லை என்றாகிவிட்டது. எதை வாங்கலாம்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

எழுத்தைப் பாருங்க

பாக்ஸ் வரும் அட்டைப்பெட்டியில் ‘டி.வி.பி.’ என்ற ஆங்கில எழுத்துகளும், பக்கத்தில் இன்னொரு எழுத்தும் இருக்கும். அது ‘எஸ்’ என்றால் டிஷ்சுக்கு, ‘சி’ என்றால் கேபிளுக்கு, ‘டி’ என்றால் தரைவழி ஆன்டெனாவுக்கு. டிஷ் பாக்சில் கேபிள் ஒயரைச் சொருகிவிட்டு ரிமோட்டை எத்தனை முறை தட்டினாலும் படம் வராது.

அடுத்தது பூட்டு. கட்டண சேனல்களை கம்பெனிக்காரர்கள் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். அதைத் திறக்கும் சாவி அந்தந்த கம்பெனி பாக்சில் மட்டும் இருக்கும். ஒரு கம்பெனியின் பாக்சை வைத்து இன்னொரு கம்பெனியின் கட்டண சேனலைப் பார்க்க முடியாது. ‘எங்க வீட்டு பழைய பாக்ஸ் சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கோங்க’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தால், முதலில் எந்த கம்பெனி என்று கேளுங்கள். நம்ம வீட்டு பரணிலும் அப்படி ஒன்று தூங்குகிறது.

அரசு கேபிளில் 2017-ல் பாக்ஸ் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அது நமக்குச் சொந்தம் இல்லை. இணைப்பு வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மாதக் கட்டணம் இல்லை, ஆனா...

தூர்தர்ஷனின் ‘டிடி ப்ரீ டிஷ்’ 2004-ல் வேறு பெயரில் தொடங்கியது. பாக்சும் டிஷ்சும் வாங்கி மாட்டினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கான பி.எம். இ-வித்யா சேனல்களும் இதில் வருகின்றன. ஆனால் ‘எல்லா தமிழ் சேனலும் வரும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கட்டண சேனல்கள் இதில் வராது. தமிழ் சேனல்களும் குறைவு. ‘வீட்டுல சீரியல் பார்ப்பாங்க’ என்பவர்கள் கடையிலேயே பாக்சை ஓடவிட்டு, சேனல்களைப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது. வாங்குவதானால் ‘எம்பெக்-4’ பாக்சாகக் கேளுங்கள். பழைய ‘எம்பெக்-2’ பாக்சில் சில சேனல்கள் தெரியாது.

அக்கினி மூலையில் தென்னை மரம்

ப்ரீ டிஷ் சிக்னல் ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. அது பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. நம்ம ஊரில் இருந்து பார்த்தால் தென்கிழக்கில், ஏறக்குறைய அண்ணாந்து பார்க்கும் உயரம். வீட்டின் அந்தப் பக்கம் ஒட்டினாற்போல் தென்னை மரமோ மாடியோ நின்றால் சிக்னல் மறையும். மொட்டை மாடியில் இடம் பார்த்த பிறகே டிஷ் வாங்கவும். மற்ற கம்பெனிகளின் செயற்கைக்கோள் வேறு இடத்தில் நின்றால், டிஷ்சையும் வேறு பக்கம் திருப்ப வேண்டி வரும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிஷ் படம் கட்டாகும். மேகத்திலும் மழையிலும் சிக்னல் வலு குறைவதுதான் காரணம். மழை விட்டால் தானாக வந்துவிடும், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். கேபிளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் புயலில் ஒயர் அறுந்தால் ஆள் வரும்வரை காத்திருக்கணும்.

2006-ல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த இலவச கலர் டி.வி.யை இன்னும் வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் சொருகும் இடம் பாக்சில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள பாக்சை அந்த டி.வி.யில் நேராக மாட்ட முடியாது. எச்.டி. பாக்சுக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் அதில் படம் பழைய மாதிரிதான் தெரியும். புது டி.வி. வாங்குபவர்கள் உள்ளேயே டிஷ் சிக்னல் வாங்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இலவச சேனல்களுக்குத் தனி பாக்ஸ் தேவையில்லை.

டிஷ் மாட்ட வரும் பையன் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டுவார். ஒன்று ‘ஸ்ட்ரெங்த்’, இன்னொன்று ‘குவாலிட்டி’. செயற்கைக்கோள் சரியாக மாட்டாதபோதும் முதல் கோடு நிறைந்து நிற்கும். இரண்டாவது கோடு ஏறிய பிறகு அவருக்குக் கூலி கொடுங்கள்.