எமது உடல் எமக்குப் பகையல்ல

மெலிந்தால், "என்னடி, கருவாடாய்ப் போனாய்?" என்பார்கள். சற்று உடம்பு வைத்தாலோ, "புருஷன் இல்லாதவள், எப்படிக் கொழுத்திருக்கிறாள் பாருங்கோ" என்பார்கள். பெண்ணின் உடலைப் பற்றி எவரும் எதையும் சொல்லலாம் என்பது எமது சமூகத்தில் எழுதப்படாத சட்டமாகவே இருந்து வருகின்றது. போரில் கணவனை இழந்த, அங்கம் இழந்த சகோதரிகளை இச்சொற்கள் இன்னும் ஆழமாகக் காயப்படுத்துகின்றன.

வன்னியில் பெண்கள் குழுக்களுடன் பணியாற்றும்போது நான் அவதானித்த விடயம் ஒன்றுண்டு. எமக்கும் சாப்பாட்டுக்கும் இடையிலான உறவையும் போர் குலைத்துவிட்டது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள், பின்னர் செட்டிகுளம் முகாம்களில் நிவாரணத்துக்குக் காத்திருந்தவர்கள் எம்மில் பலர். நாளைக்குக் கிடைக்குமோ என்ற பயத்தில் வயிறு நிறைந்த பின்னும் உண்பவர்கள் இருக்கிறார்கள். போனவர்களுக்குக் கிடைக்காத சோறு எனக்கெதற்கு என்று பட்டினி கிடப்பவர்களும் இருக்கிறார்கள். இது பேராசையுமல்ல, பிடிவாதமுமல்ல; இழப்பின் தடம். இதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

எங்கள் குழுவில் ஒரு அக்கா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சியதை நின்றபடியே வழித்துச் சாப்பிடுவார். எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது என்று முடிவெடுத்தோம். "கனகாலத்துக்குப் பிறகு சுடச்சுடச் சோறு சாப்பிடுறன்" என்றார் அவர்.

மிச்சத்தை உண்பது தியாகம் என்றே எமக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் மாதவிடாயால் இரத்தத்தை இழக்கும் பெண்ணுக்கு ஆணைவிட அதிக இரும்புச்சத்து தேவை. அது குறைந்தால் களைப்பு, தலைச்சுற்று, மூச்சுவாங்கல் ஏற்படும். முருங்கையிலை, பயறு, கௌபி, நெத்தலி என்பவற்றை அடிக்கடி சேர்த்துக்கொள்ளுங்கள். கீரைக்குத் தேசிப்புளி விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் பிளேன்ரீ குடித்தால் அது தடைப்படும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சீனியையும் குறையுங்கள்.

உடற்பயிற்சி உடம்புக்குக் கொடுக்கும் தண்டனையல்ல. வாரத்தில் 150 நிமிடங்களாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீர் அள்ளுவதும் தோட்ட வேலையும் இக்கணக்கில் சேரும். தையல் மெசினில் நாள் முழுவதும் குனிந்திருப்பவர்கள் இடைக்கிடை எழுந்து நடவுங்கள். மாலையில் அயல் பெண்களுடன் கதைத்தபடி நடந்தால் மனப்பாரமும் குறையும். செயற்கைக்கால் அணிந்தவர்கள் கதிரையில் இருந்தபடியே கைகளுக்குப் பயிற்சி செய்யலாம். கால் பொருந்தும் இடத்தில் புண்ணோ வலியோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உடலை நேசிப்பதென்றால் நோயைக் கவனியாமல் விடுவதல்ல. மெலிந்தவர்களுக்கும் நீரிழிவும் பிரஷரும் வரலாம். 35 வயதைத் தாண்டியவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்லுங்கள். இரத்த அழுத்தம், மார்பகம், கருப்பைக் கழுத்து என்பவற்றை அங்கு இலவசமாகப் பரிசோதிப்பார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டறியலாம்.

சகோதரிகளே, பங்கரிலும் பாதையிலும் பிள்ளைகளைச் சுமந்து வந்தது இந்த உடல்தான். அதன் தழும்புகள் அவமானமல்ல. இன்னொரு பெண்ணைக் கண்டால் அவளது பருமனைப் பேசாமல், "சுகமா இருக்கிறீங்களா?" என்று கேளுங்கள். இன்றிரவு சோறு போடும்போது பிள்ளைகளின் கோப்பைகளோடு உங்கள் கோப்பையையும் வையுங்கள்.