மெஸ்ஸிக்கு கடிதம் எழுதிய சிறுவன்.. ரூட் மாறியது எப்படி? யார் இந்த என்சோ பெர்னாண்டஸ்?

2016 கோபா அமெரிக்கா இறுதிப்போட்டியில் சிலியிடம் தோற்றது அர்ஜென்டினா. பெனால்டியை வெளியே அடித்த மெஸ்ஸி, 'தேசிய அணியில் இனி ஆட மாட்டேன்' என அறிவித்தார். போக வேண்டாம் என்று கெஞ்சி ஃபேஸ்புக்கில் கடிதம் எழுதினார் 15 வயது ரசிகர் ஒருவர். அவர்தான் என்சோ பெர்னாண்டஸ்.

வளர்ந்தது ரிவர் பிளேட்டில். ஆனால் சீனியர் அணியில் உடனே நிலைக்க முடியல. டிஃபென்சா இ ஜஸ்டிசியா என்ற சின்ன கிளப்புக்கு லோனில் போய் கோப்பை வென்று திரும்பினார். 2022 ஜூலையில் போர்ச்சுகலின் பென்ஃபிகா.

அதே ஆண்டு உலகக் கோப்பை. சவுதியிடம் தோற்ற அர்ஜென்டினாவுக்கு மெக்சிகோ ஆட்டம் வாழ்வா சாவா. மாற்று வீரராக இறங்கிய என்சோ, 87-வது நிமிடத்தில் பந்தை வளைத்து கோலுக்குள் அனுப்பினார். பாஸ் கொடுத்தது யார் தெரியுமா? மெஸ்ஸியேதான்! அதன்பிறகு இறுதிப்போட்டி வரை எல்லா ஆட்டத்திலும் முதல் 11-ல் இடம். தொடரின் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்கே.

2023 ஜனவரி 31-ல் செல்சி கொடுத்த விலை 10.68 கோடி பவுண்டு. பிரிட்டனில் அன்றைய சாதனை. எப்படி கட்டுப்படியானது? ஒப்பந்தம் எட்டரை ஆண்டு. கிளப் கணக்கில் அந்தத் தொகை ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படும். அதாவது வருஷத்துக்கு சுமார் 1.25 கோடிதான். கில்லாடி கணக்கு! பிறகு இப்படிப் பிரிப்பதற்கு 5 ஆண்டு உச்சவரம்பு வந்துவிட்டது.

2024-ல் கோபா அமெரிக்கா வெற்றிக் கொண்டாட்டத்தில், பிரான்ஸ் வீரர்களை இனரீதியாக இழிவுபடுத்தும் பாட்டு அவரது வீடியோவில் ஒலித்தது. சொந்த அணியின் பிரெஞ்சு வீரர்களே கொதித்தார்கள். என்சோ மன்னிப்புக் கேட்டார். அவர்களோடு சேர்ந்துதான் 2025-ல் கான்ஃபரன்ஸ் லீக்கையும், கிளப் உலகக் கோப்பையையும் வென்றார்.